எல்லாக் கரியும் ஒரே கறுப்பு இல்லை

போன மாதம் எங்கள் இணைய வாசிப்புக் குழுவில் எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்' நாவலை எடுத்துக்கொண்டோம். கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு நண்பர் சொன்னார்: "இதை அப்படியே தூக்கி தன்பாத்ல வைக்கலாம் தோழர். பேரை மட்டும் மாத்தினா போதும். சுரண்டல் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்த பிறகுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது.

உறுத்தியதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் நெய்வேலிப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் அப்பா ஒருநாள் சுரங்கத்திலிருந்து கைப்பிடி அளவு லிக்னைட் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறம். கையில் வைத்தால் ஈரம். ஒரு பக்கத்தில் மரத்தின் நார் அப்படியே தெரிந்தது. பள்ளிப் புத்தகத்தில் பளபளவென்று கறுப்பாக இருந்த நிலக்கரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெயிலில் காயவைக்கப் போனேன். "டேய், வெயில்ல வெச்சா பொளந்துக்கும். அதுல பாதி தண்ணிடா" என்றார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு ஷோகேஸில் வைத்தோம். நிலக்கரியைத் தண்ணீருக்குள் வைத்துப் பாதுகாத்த வீடு எங்கள் வீடு.

அதனாலேயே, 'சுரங்க நாவல்' என்று ஒரு பொது வகை இருப்பதாக யாராவது பேசினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். எந்தச் சுரங்கம்? எந்தக் கரி? நம்முடைய விமர்சனங்களில் நிலக்கரி பெரும்பாலும் ஒரு நிறமாகத்தான் வருகிறது. கறுப்பு, இருட்டு, புகை, உழைப்பு. உருவகத்துக்கு வசதியான சாமான். ஆனால் நல்ல சுரங்க எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. கதையின் முடிச்சு, வில்லன், சாவு வரும் விதம், பெண்கள் செய்யும் வேலை எல்லாவற்றிலும் அந்தந்த ஊர்ப் பாறையின் கை இருக்கிறது. 'ஜெர்மினல்' தன்பாத்தில் நடக்கவே முடியாது. நடக்க முடியாது என்பதில்தான் அதன் பலமே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கொஞ்சம் பாறை பேச வேண்டும். இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கரிக்கும் ஜாதகம் உண்டு. எந்தச் செடி, எந்தத் தட்பவெப்பத்தில், எந்த மாதிரித் தண்ணீரில் மக்கியது என்பது பிறப்பு. அதன்மேல் எவ்வளவு மண் ஏறியது, எவ்வளவு சூடு பட்டது என்பது வளர்ப்பு. அதற்கப்புறம் பூமி அதை மடித்ததா, உடைத்ததா, சும்மா விட்டதா என்பது விதி. சூடும் அழுத்தமும் ஏற ஏற ஈரம் போய்க் கார்பன் கூடும். மக்கிய சருகு லிக்னைட் ஆகி, லிக்னைட் பிட்டுமினஸ் ஆகி, கடைசியில் ஆந்த்ரசைட் ஆகும். இது ஒரு கணக்கு. சாம்பல் வேறு கணக்கு. சதுப்பு நிலத்துக்குள் ஆறு எவ்வளவு சேற்றைக் கொண்டுவந்து கலந்ததோ அவ்வளவு சாம்பல். கடல் உள்ளே வந்து போன இடத்தில் கந்தகம் கூடும். ஆகவே 'நல்ல கரி' என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதில் அர்த்தமில்லை. அடுப்புக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, எஃகு ஆலைக்கு ஒன்று.

வட பிரான்ஸின் கரி ஏறக்குறைய 31 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டலச் சதுப்பில் உண்டானது. நிலம் அமிழும், காடு மூழ்கும், மேலே மண் படியும், மறுபடி காடு முளைக்கும். இப்படிப் பலமுறை. அதனால் கிடைத்தது ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய மெல்லிய அடுக்குகள். பிறகு தெற்கிலிருந்து ஒரு மலையாக்கத் தள்ளல் வந்து அவற்றைச் சுருட்டி, மடக்கி, உடைத்தது. அதற்கும் வெகுகாலம் கழித்து, கடல் வந்து அதன் தலைமேல் சுண்ணாம்புப் பாறையைப் போர்த்திவிட்டது. மேலே நின்று பார்த்தால் கீழே கரி இருப்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. பீட்ரூட் வயல்தான் தெரியும்.

1720-ல் ஃப்ரேன் என்ற ஊரில் முதலில் கரி அகப்பட்டது. ஆனால் அது எண்ணெய்ப்பசை இல்லாத மெலிந்த கரி, சுண்ணாம்புச் சூளைக்கும் செங்கல் சூளைக்கும்தான் லாயக்கு. எல்லோரும் எதிர்பார்த்த கொழுத்த கரி 14 வருடம் கழித்து, 1734-ல், ஆன்ஸான் என்ற இடத்தில் கிடைத்தது. ஒரே படுகைதான். வடக்கு ஓரத்தில் மெலிந்தது, தெற்கே போகப் போகக் கொழுத்தது. அந்தச் சுண்ணாம்புப் போர்வையைத் துளைத்து, அதில் ஊறும் தண்ணீரை அடைத்து, கீழே இறங்குவதென்றால் சாதாரணச் செலவா? 1757-ல் பல முதலீட்டாளர்கள் சேர்ந்து ஆன்ஸான் கம்பெனி ஆனார்கள். 1884 பிப்ரவரியில், அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த போது, நோட்டுப் புத்தகத்தோடு ரயிலேறிப் போனார் ஸோலா. சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார். அடுத்த வருடம், 1885-ல், நாவல் புத்தகமாக வந்துவிட்டது.

*

இப்போது நாவலுக்கு வருவோம். 'ஜெர்மினல்' வேலைநிறுத்தம் எதனால் வெடிக்கிறது? நம் குழுவில் கேட்டால் 'கூலிக் குறைப்பு' என்பார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. பிரச்சினை மரமுட்டு. கூரைப் பாறை விழாமல் இருக்கத் தொழிலாளி தானே மரத்தை வெட்டி முட்டு கொடுக்க வேண்டும். (இணையத்தில் நாம் யாருக்காவது 'முட்டு கொடுக்கிறோமே', அந்தச் சொல்லின் உடல் அர்த்தம் இதுதான்.) கூலி தொட்டிக் கணக்கில். எவ்வளவு கரி நிரப்பினாயோ அவ்வளவு காசு. முட்டு கொடுக்கிற நேரம் கணக்கில் வராது. எனவே ஆட்கள் முட்டைக் குறைத்துக் கரியைக் கூட்டுகிறார்கள். கம்பெனி அபராதம் போடுகிறது. பிறகு, முட்டுக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று சொல்லி, தொட்டி விலையை 50 சாந்தீமிலிருந்து 40-க்கு இறக்குகிறது. கூட்டிக் கழித்தால் தொழிலாளிக்கு நஷ்டம். அங்கேதான் பற்றுகிறது.

இந்த ஏற்பாட்டை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கூரை உறுதியாக இருந்தால் முட்டுக்கு இத்தனை வேலை இல்லை. அடுக்கு தடிமனாக இருந்தால் ஒரு முட்டுக்கு இடையே கிடைக்கிற கரி அதிகம், நேரம் மிஞ்சும். இரண்டும் இல்லாத இடம் ஆன்ஸான். மடிந்து நொறுங்கிய பாறை, மெல்லிய அடுக்கு. மஹ்யூ வேலை செய்யும் இடத்தில் அடுக்கின் கனம் அரை மீட்டர்கூடச் சரியாக இல்லை என்று ஸோலா அளவோடு எழுதுகிறார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்து, கழுத்தை முறுக்கி, மேலிருந்து சொட்டும் தண்ணீர் முகத்தில் ஒரே இடத்தில் விழ விழ வெட்டுகிறான். முதல் தடவை படிக்கும்போது இதை நான் 'அவலச் சித்திரிப்பு' என்று நினைத்துக் கடந்துபோனேன். மூன்றாவது வாசிப்பில்தான் உறைத்தது: இந்தப் படுக்கைதான் 200 பக்கம் தாண்டி வரப்போகும் வேலைநிறுத்தத்தின் காரணம். ஸோலா கூலியை அரசியலிலிருந்து ஆரம்பிக்கவில்லை, கூரையிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அடுத்தது வில்லன். 'ஜெர்மினலில்' முதலாளிக்கு முகம் கிடையாது. மேலாளர் என்னெபோ இருக்கிறார், அவரும் சம்பளக்காரர். பங்கு வைத்து உட்கார்ந்து சாப்பிடும் கிரெகுவார் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்குச் சுரங்கத்தின் உட்புறமே தெரியாது. உண்மையான முதலாளி எங்கோ தூரத்தில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சாமி மாதிரி. இதை மார்க்சியப் பார்வை என்று சொல்லிப் பாராட்டுவது வழக்கம். இருக்கட்டும். ஆனால் அந்த முகமின்மைக்குப் பாறையும் பொறுப்பு. சுண்ணாம்புக்கும் நீருக்கும் அடியில் இருக்கும் கரியைத் தனி ஆள் தோண்ட முடியாது, திருடவும் முடியாது. பெரிய மூலதனம் மட்டுமே இறங்கக்கூடிய கிணறு அது. தனியாக ஒரு சின்னச் சுரங்கம் வைத்திருக்கும் தெனலேன் கதையில் ஏன் அழிகிறார் என்பதற்கும் இதே காரணம்தான்.

மூன்றாவது, தண்ணீர். நாவலின் உச்சம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரஷ்யாவிலிருந்து வந்த சுவாரின் இரவில் தனியாகக் கிணற்றுக்குள் இறங்கி, சுவரைத் தாங்கும் மரப்பலகை உறையை அறுத்துவைக்கிறான். மறுநாள் உறை பிய்த்துக்கொண்டு, 'வெள்ளம்' என்று சுரங்கக்காரர்கள் பயத்தோடு பேர் சொல்லும் நிலத்தடிக் கடல் உள்ளே பாய்ந்து, வொரூ சுரங்கமே தரையிலிருந்து மறைந்துபோகிறது. இது மிகைக் கற்பனை என்று சிலர் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படுகையில் கரிக்கு மேலே சுண்ணாம்பிலும் மணலிலும் நீர் தேங்கியிருப்பது நிலவியல் உண்மை. ஆன்ஸான்காரர்கள் அதை நிஜமாகவே அந்தப் பேரில்தான் அழைத்தார்கள். அந்த ஊரில் உழைப்பவனின் தலைக்கு மேலே எப்போதும் ஒரு கடல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு அராஜகவாதிக்கு வெடிமருந்து தேவைப்படாத ஊர் அது. ஒரு ரம்பம் போதும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியென்றால் எல்லாவற்றையும் பாறையே முடிவு செய்கிறதா? மனுஷனுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. தண்ணீரைப் பாறை வைத்தது, பலகையை அறுத்தது சுவாரின். நொறுங்குகிற கூரையைப் பூமி கொடுத்தது, அதைத் தொட்டிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது கம்பெனி. ஸோலாவை நான் நம்புவது இந்த இடத்தில்தான். அவர் பாறையின்மேல் பழி போட்டுவிட்டு நகர்வதில்லை.

*

வேல்ஸை வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு விசித்திரமான சங்கதி இருக்கிறது. ரிச்சர்ட் லெவெலினின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' 1939-ல் வந்தது. தெற்கு வேல்ஸில் நிலக்கரிப் படுகையின் மேலே கெட்டியான மணற்பாறை மேட்டுநிலம். அதை ஆறுகள் ஆழமாக அறுத்திருப்பதால் பள்ளத்தாக்குகள் குறுகல். அந்த நறுக்கில் கரியடுக்குகளை எட்டிவிடலாம் என்பதால் சுரங்க வாய்கள் கீழே, ஆற்றோரம். வீடுகளும் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு. அப்புறம் வெட்டியெடுத்த கழிவுக் கல்லை எங்கே கொட்டுவது? சமதளமே இல்லை. மலைச்சரிவில்தான் கொட்ட வேண்டும், ஊரின் தலைக்கு மேலே. லெவெலினின் கதை சொல்லி, வளர்ந்துகொண்டே வந்து வீட்டை அழுத்தும் அந்தக் கழிவு மலையைப் பார்த்தபடிதான் தன் இளமையை நினைக்கிறான்.

1941-ல் ஜான் ஃபோர்டு இதைப் படமாக்கினார். போர்க்காலம், வேல்ஸுக்குப் போக முடியாது, கலிஃபோர்னியாவில் ஒரு குன்றில் ஊரைக் கட்டினார்கள். அழகான தெரு. அந்தத் தெரு மேலேறிப் போய் முடியும் உச்சியில் சுரங்கம்! ஆட்கள் பாடிக்கொண்டே மலையிறங்கி வருகிறார்கள். கண்ணுக்கு என்னவோ குளிர்ச்சிதான். ஆனால் சுரங்கத்தை மேலே தூக்கி வைத்ததும் கதையின் பயம் இடம்மாறிவிட்டது. மேலே கழிவு, கீழே குடும்பம் என்ற நாவலின் நெருக்கம் படத்தில் வெறும் பின்னணிக் காட்சி ஆகிவிட்டது. 1966 அக்டோபர் 21 அன்று ஆபர்ஃபேன் ஊரில், நீரூற்றுகளின்மேல் கொட்டப்பட்டிருந்த கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் செத்தார்கள். நாவல் வந்து 27 வருடம் கழித்து. இதை 'தீர்க்கதரிசனம்' என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த மணற்பாறையிலிருந்து ஊற்று கசியும், அந்தச் சரிவில் கழிவைக் கொட்டுவார்கள். கண்ணைத் திறந்து பார்த்த யாருக்கும் தெரியக்கூடிய விஷயம்தான். இத்தனைக்கும் லெவெலின் பிறந்தது லண்டனில். ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரைப் பார்க்க வேண்டும்.

*

இனி தாமோதர் பள்ளத்தாக்கு. நண்பர் சொன்ன தன்பாத்.

இந்தியக் கரியின் பிறப்பே வேறு. 30 கோடியிலிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பெர்மியன் காலம். இந்தியா அப்போது தென்துருவத்துக்குப் பக்கத்தில், கோண்டுவானா பெருநிலத்தின் ஒரு துண்டாக இருந்தது. முதலில் பனியாறுகள். அவை உருட்டிவந்த பாறைக் குண்டுகள் இன்றும் கரிப்படுகையின் அடியில், தால்சேர் பாறைகளில் கிடக்கின்றன. பனி உருகிய பின் குளிர்ந்த ஈரநிலத்தில் குளோசாப்டெரிஸ் என்ற மரம் பரவியது. நிலம் இருபுறமும் பிளந்து நடுவே அமிழ்ந்துகொண்டே போன நீண்ட பள்ளங்களில் அந்தக் காடு மக்கியது. ஆறுகள் ஓயாமல் சேறு கொண்டுவந்தன. கடலின் தலையீடு பெரிதாக இல்லை.

விளைவு என்ன? கந்தகம் குறைவு, சாம்பல் ஏராளம். நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பல் என்பது இங்கே சாதாரணம். அந்தச் சேறு கரியோடு மாவில் உப்பு கலந்த மாதிரி நுணுக்கமாகக் கலந்திருப்பதால், கழுவினாலும் லேசில் போகாது. இன்னொரு பக்கம், அடுக்குகள் பிரம்மாண்டம். ஐரோப்பியன் அரை மீட்டருக்குப் படுத்து வெட்டும்போது, இங்கே பல மீட்டர் தடிமன் சகஜம். தாமோதருக்கு மேற்கே சிங்ரௌலியில் ஒரு அடுக்கு 130 மீட்டரைத் தாண்டுகிறது. அதோடு, கரி பல இடங்களில் தரையிலேயே தலைநீட்டுகிறது. மேலே போர்த்த சுண்ணாம்பும் இல்லை, கடலும் இல்லை.

இந்த இரண்டு விஷயங்களை, தடிமனையும் ஆழமின்மையையும், கையில் வைத்துக்கொண்டு இந்தியச் சுரங்கக் கதைகளைப் படித்தால் எல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜெர்மினலில்' கேதரின் சுரங்கத்துக்குள் தொட்டி தள்ளுகிறாள். குனிந்து, தவழ்ந்து, ஆண் உடை போட்டுக்கொண்டு. எத்தியென் முதலில் அவளைப் பையன் என்றே நினைக்கிறான். ஒல்லியான உடம்புதான் அங்கே மூலதனம். வங்காளத்தில் 1920-களில் சைலஜானந்த முகோபாத்யாய் 'கயலாகுடி' கதைகளை எழுதினார். நஸ்ருல் இஸ்லாமின் ராணிகஞ்ச் பள்ளிப்பருவ நண்பர் அவர். வங்க இலக்கியத்துக்குள் சந்தால் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தவர். அந்த உலகத்தில் புருஷன் வெட்ட, பெண்டாட்டி கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வருவாள். 'காமின்' என்று அவளுக்குப் பெயர். தலையில் கூடை! அரை மீட்டர் அடுக்கில் அது நடக்கிற காரியமா? நிமிர்ந்து நடக்க இடம் இருந்ததால்தான் தலைச்சுமை. தரையிலிருந்து சாய்வாக நடந்தே இறங்க முடிந்ததால்தான் குடும்பத்தோடு வேலை. 1929-ல் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யத் தடைவிதி வந்து, படிப்படியாக அவர்கள் வெளியேற்றப்பட்டபோது, உடைந்தது ஒரு ஆளின் கூலி மட்டும் அல்ல, குடும்பம் என்கிற வேலை அலகே. கேதரின் தனியாள், காமின் ஜோடியில் பாதி. இரண்டையும் 'சுரங்கப் பெண்' என்று ஒரே பெட்டியில் போட்டுக் கட்டுரை எழுதுகிறோம்.

வில்லனும் மாறிவிடுகிறான். மேலாகக் கிடக்கும் கரியை யார் வேண்டுமானாலும் தோண்டலாம். அதனால் ஜாரியாவில் சின்னச் சின்ன முதலாளிகள் குவிந்தார்கள். 1972-ல் கோக்கிங் நிலக்கரியை அரசுடைமை ஆக்கியபோது எடுத்துக்கொண்ட சுரங்கங்கள் 214. பெரும்பாலானவை ஜாரியாவைச் சேர்ந்தவை. இத்தனை வாய்கள் உள்ள இடத்தில் காவலுக்கு ஆள் வேண்டும், திருட்டுக்கும் ஆள் வேண்டும், தொழிலாளியை மிரட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிறகு சங்கத் தலைவன், ஒப்பந்தக்காரன், எம்.எல்.ஏ. அனுராக் காஷ்யப்பின் 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' (2012) படத்தில் வில்லனுக்கு முகம் இருக்கிறது, மீசை இருக்கிறது, வாரிசு இருக்கிறது. ஆன்ஸானில் ஒரு ராமாதீர் சிங் தோன்றியிருக்கவே முடியாது. அங்கே பங்குப் பத்திரம் ஆள்கிறது, இங்கே பலசாலி ஆள்கிறான். நண்பர் சொன்ன மாதிரி பெயரை மட்டும் மாற்றித் தூக்கி வைத்தால், 'ஜெர்மினலின்' முதுகெலும்பான அந்த முகமற்ற சாமி தன்பாத்தில் எங்கே போய் உட்காரும்?

யஷ் சோப்ராவின் 'காலா பத்தர்' (1979) பற்றியும் சொல்லியாக வேண்டும். 1975 டிசம்பரில் சாஸ்னாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்து அதற்குப் பின்னணி. படத்தில் வெள்ளக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் படத்துக்கு ஆர்வமில்லை. முதலாளியின் பேராசை என்கிற ஒற்றைப் பதில் போதுமாக இருக்கிறது. ஆன்ஸானில் தலைக்கு மேல் இருந்தது இயற்கையின் கடல். தாமோதரில் பயப்பட வேண்டியது பெரும்பாலும் மனிதன் தோண்டிக் கைவிட்ட பழைய சுரங்கங்களில் தேங்கிய நீர். முந்தைய தலைமுறை விட்டுப்போன பள்ளம் இந்தத் தலைமுறையைக் குடிக்கிறது. என்ன மாதிரியான கதைக்கரு அது! கையில் இருந்தும் படம் அதை விட்டுவிட்டு அமிதாப்பின் குற்றவுணர்ச்சியைப் பிடித்துக்கொண்டது.

தீ விஷயமும் இப்படித்தான். ஸோலாவின் நாவலில் தார்தாரே என்று எரியும் பழைய சுரங்கம் ஒன்று வருகிறது. ஆழத்தில் தலைமுறைகளாக எரிகிறது. அதன் சூட்டில் மேலே இருக்கும் ஒரு சரிவு மட்டும் பனிக்காலத்திலும் பச்சையாக இருக்கிறது. நரகத்துக்கு மேலே புல். அற்புதமான படிமம்தான், நானே பல இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஜாரியாவின் தீ முதலில் பதிவானது 1916-ல். இன்னும் அணையவில்லை. தடிமனான அடுக்குகளில் கூரையைத் தாங்குவதற்காகப் பாதிக் கரியைத் தூண்களாக அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தரைக்கு அருகில், காற்று புகும் வெடிப்புகளோடு, வெட்டாமல் விட்ட கரி. தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அங்கே மேலே பச்சை எதுவும் முளைப்பதில்லை. தரை வெடித்துப் புகை வருகிறது, வீடு உள்ளே இறங்குகிறது. எரிவதோ நாட்டில் மிக அரிதான, எஃகுக்குத் தேவையான கோக்கிங் கரி. இதிலும் பூமி ஒரு முன்னோட்டம் காட்டியிருக்கிறது: பல கோடி வருடங்களுக்கு முன் கீழிருந்து பாறைக்குழம்பு பாய்ந்து, ஜாரியாக் கரியைப் பல இடங்களில் சுட்டு இயற்கைக் கோக் ஆக்கிவிட்டது. வெந்து கருகிய செங்கல்லைச் சொல்லும் 'ஜாமா' என்ற சொல்லாலேயே அதையும் அங்கே அழைக்கிறார்கள். ஹிந்தியில் சஞ்சீவ் ஜாரியாப் பக்கத்து வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலின் பெயரே 'எச்சரிக்கை! கீழே நெருப்பு' என்று பொருள்படும். எச்சரிக்கைப் பலகையையே தலைப்பாக வைத்துவிட்டார். படிமத்துக்கு மெனக்கெடவே இல்லை, ஊர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

*

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கு. சின்னப்ப பாரதியின் 'சுரங்கம்' வங்க நிலக்கரித் தொழிலாளர்களைப் பற்றியது. நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போய் எழுதினார் என்பதே பெரிய விஷயம், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். நான் கேட்க விரும்புவது வேறு. கோண்டுவானாக் கரி தமிழ்நாட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாராதீப் துறைமுகம் வழியாக எண்ணூருக்குக் கப்பலில். வருகிற கரியில் மூன்றில் ஒரு பங்கு போல எரியாத கல். ஏதோ ஒரு தெற்குத்துருவ ஆறு கொண்டுவந்து கலந்த சேறு, இன்று சாம்பலாகி எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, இறால் பிடிப்பவர்களின் காலில் ஒட்டுகிறது. 25 கோடி வருடத்துக்கு முந்தைய சேறு மறுபடி சேறாகவே வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு ஒரு சிறுகதைகூட இல்லையா?

நெய்வேலியில் கதை இன்னும் சிக்கல். லிக்னைட்டுக்கு வயது சில கோடி வருடங்கள்தான். சரியாக வேகாத கரி. சாம்பல் கம்மி, ஈரம் பாதி. ரயிலில் தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீரைத்தான் அனுப்புகிறோம். அதனால் வாய்க்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையம், அதைச் சுற்றி நகரியம். மேலே இருப்பது இறுக்கமில்லாத மணற்பாறை, அதனால் நிலத்தடிச் சுரங்கம் இல்லை. மேலே இருப்பதை மொத்தமாக அள்ளிவிட வேண்டும், ஊரோடு சேர்த்து. விளக்கு இல்லை, கூண்டு இல்லை, இருட்டே இல்லை. உலகத்துச் சுரங்க நாவல்களின் சாமான் ஒன்றுகூட இங்கே உதவாது. வெட்டவெளியில், வெயிலில், பல மாடி உயர ராட்டினம் போலச் சுற்றும் எந்திரம். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் மட்டும் இங்கேயும் இருக்கிறது. ஆனால் தலைக்கு மேலே இல்லை. லிக்னைட்டுக்கு அடியில், அழுத்தத்தோடு. மேலே உள்ள பாரத்தை எடுத்துவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு கட்டி கரி எடுக்க முடியும். அப்பா அந்த பம்ப் வேலையில்தான் இருந்தார். "வெட்டறவன் லீவு போடலாம், இறைக்கிறவன் போடக்கூடாது" என்பார், தீபாவளி அன்றைக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது. அம்மா பதில் சொல்ல மாட்டாள். சுற்றுக் கிராமங்களில் கிணற்று மட்டம் இறங்குவதைப் பற்றிய பேச்சும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும். அப்பா அப்போது உள்ளே போய்விடுவார். ஸோலாவின் கடல் மேலிருந்து ஒருநாளில் விழுந்து ஊரை மூடியது. எங்கள் தண்ணீர் கீழிருந்து, முப்பது வருடமாக, ஒருவர் பம்ப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் வராமல் இருந்தது. அந்த வராமையை எப்படிக் கதையாக்குவது? 'ஜெர்மினல்' மாதிரி எழுத வேண்டும் என்று யாராவது கிளம்பினால் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டலாமே என்று தோன்றி வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார். தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டதாம், கட்டி உதிர்ந்து தூளாகிப் போச்சாம். "அதைப் போய் இப்போ கேக்கறியே. அம்மா முருங்கை மரத்தடியில கொட்டிட்டாடா."